தடவும் கை

ஜூலை மாதத்து ஒரு சனிக்கிழமை காலை, முட்டுக்காட்டுக்குத் தெற்கே உள்ள உப்பங்கழியில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு நான் இறால் எண்ணிக்கொண்டிருந்தேன். மரச்சட்டம் ஒன்றைத் தண்ணீருக்குள் வைத்து, அதற்குள் அகப்படுவதை எண்ண வேண்டும். வேலை தொடங்கிய வருடம் சட்டத்துக்கு நான்கோ ஐந்தோ கிடைக்கும். அன்று முப்பத்தெட்டு. நம்பாமல் மறுபடி எண்ணினேன். முப்பத்தெட்டுதான்.

"தனம்! முப்பத்தெட்டு!" என்று கரையைப் பார்த்துக் கத்தினேன். நாற்பத்தொன்பது வயதில், தாம்பரத்துக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் துறைத் தலைவி செய்கிற காரியம் இல்லை அது. தனம் கரையில் இருந்திருந்தால், "எண்ணி எண்ணி வுட்டுகினே இரு டீச்சர். ஒரு நாளாச்சும் கொழம்பு வச்சித் துன்னு பாரு" என்று சொல்லியிருப்பாள். நான் ஐயங்கார் வீட்டுப் பெண், வெங்காயத்துக்கே நாள் பார்ப்பவள் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்வாள். அன்று கரையில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. தனத்தைப் பார்த்து மூன்று சனிக்கிழமை ஆகிவிட்டது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தனம் இருப்பது கழிக்கரைத் தெருவில். பெயர்தான் தெரு, மொத்தம் பதினொரு வீடுகள். முன்பு பதினான்கு இருந்தன. மூன்று வீடுகளைத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. கடல் அல்ல, பின்னால் அமைதியாகக் கிடக்கிற இந்தக் கழிதான் அந்த வேலையைச் செய்தது. கடற்கரைப் பக்கம் பாறாங்கல் கொட்டினார்கள். கழிக்கரையில் கொட்ட யாருக்கும் தோன்றவில்லை. மூன்று வீடுகள் போன பிறகு, ஓரத்து வீடு தனத்தினுடையது. அவள் வீட்டுப் பின்வாசலிலிருந்து கரை விளிம்புக்கு ஒன்பது அடி. டேப் வைத்து நானே அளந்தேன்.

இந்தத் தண்ணீர் விஷயத்தில் எனக்கு ஒரு குற்ற உணர்ச்சி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் குடியிருப்பது சேலையூரில். ஐப்பசி வந்தால் எங்கள் காலனியில் முட்டியளவு தண்ணீர் நிற்கும். எப்போது வடியும், எப்போது வடியும் என்று வாட்ஸப் குழுவில் ஒரே புலம்பல். வடிந்ததும் ஆளாளுக்குக் கைகூப்பும் படம் போடுவோம். வடிந்த தண்ணீர் எங்கே போகிறது என்று இருபது வருடத்தில் யாரும் கேட்டதில்லை. ஏரி ஏரியாக நிரம்பி, பள்ளிக்கரணைச் சதுப்பில் இறங்கி, பக்கிங்காம் கால்வாய் வழியாக அது இந்தக் கழிக்குத்தான் வருகிறது. வந்து, தனத்தின் கரையைக் கரைத்துக்கொண்டு கடலுக்குப் போகிறது.

ஆகவே எங்கள் கல்லூரியும் இன்னொரு நிறுவனமும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டு, கழிக்கரையில் நாங்கள் சிப்பி வைத்தோம். சிப்பி என்றால் முத்துச் சிப்பி அல்ல. பாறையிலும் பாலத்தூணிலும் ஒட்டி வளருமே, ஊரார் ஆளி என்று சொல்வார்களே, அது. காலி ஆளி ஓடுகளை வலைப்பைகளில் கட்டிக் கரையோரம் வரிசையாகப் போட்டால், தண்ணீரில் மிதந்து வரும் ஆளிக் குஞ்சுகள் அதன்மேல் ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் அடுத்த வருடத்துக் குஞ்சு. இரண்டு வருடத்தில் பை கிழிந்து போனாலும் ஓடுகள் ஒன்றோடொன்று இறுகிக் கட்டிய வேலிபோல் ஆகிவிடும். அலை அதில் மோதித் தளர்ந்துபோகும், பின்னால் சேறு படியும். இடுக்குகளில் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வந்து குடியேறும்.

கிழக்குக் கடற்கரைச் சாலை ஓட்டல்களில் மூட்டை மூட்டையாக ஓடு சேகரித்துக் கல்லூரி மொட்டை மாடியில் ஆறு மாதம் காயவைத்தேன். நாற்றத்தில் முதல்வர் என்னோடு பேசுவதை நிறுத்தினார். "பெருமாள் கையில சங்கு, உன் கையில சிப்பியா?" என்று என் கணவர் அச்சுதன் கேலி செய்தார். வீட்டுக்குள் நுழையும் முன் குளித்துவிட்டு வரச்சொன்னார். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். முந்நூற்று நாற்பது பைகள். இரண்டு மழைக்காலம் கடந்தும் தனத்தின் பின்வாசலுக்கும் கரைக்கும் இடையே அதே ஒன்பது அடி இருந்தது. என் வாழ்நாளில் நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சட்டத்தையும் நோட்டையும் ஸ்கூட்டியில் வைத்துவிட்டுத் தனத்தின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அவள் மகள் ஏஞ்சல். இருபது வயதுப் பெண், தாம்பரத்தில் ஏற்றுமதித் துணி தைக்கும் கம்பெனியில் வேலை. சனிக்கிழமை அரைநாள் வேலை உண்டு, அன்று போகவில்லை.

"உள்ள வாங்க மேடம்" என்றாள். பிறகு திரும்பி, "யம்மா, கைய காட்டு. அவங்களுக்குக் காட்டு" என்றாள். குரலில் அழுகை இல்லை, ஆத்திரம் இருந்தது.

தனம் பாயில் உட்கார்ந்திருந்தாள். சுவரில் வேளாங்கண்ணி மாதா படம், பக்கத்தில் படகுக் கூலியாக இருந்து இறந்துபோன அவள் புருஷன் டேனியலின் படம். வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்திருந்தாள்.

"ஒண்ணுமில்ல டீச்சர். ஆளி கிழிச்சிட்ச்சி. மஞ்ச பத்து போட்டுகீறேன்."

தலைப்பை விலக்கினேன். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பருத்து, பளபளத்து, நுனியில் கறுத்திருந்தன. மஞ்சளுக்குக் கீழே வந்தது எனக்குத் தெரிந்த அழுகல் வாடை. இருபத்திரண்டு வருடம் பரிசோதனைக் கூடத்தில் நின்றவளுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

"தனம், உங்களுக்கு சுகர் இருக்குதானே? இத்தனை நாள் ஏன் சொல்லல?"

அவள் என்னை நீ என்பாள், நான் அவளை நீங்கள் என்பேன். பார்ப்பவர்களுக்கு அது வேடிக்கையாக இருக்கும், எங்களுக்குப் பழகிவிட்டது.

"எல்லாருக்கும்தான் கிழிக்குது" என்றாள். "ஈஸ்டர்லேர்ந்து கிழிச்சிகினுதான் கீது. பிரியா காலப் பாரு, மேரி கையப் பாரு. எனுக்கு ஆறல, அவ்ளோதான்."

"அங்க ஏன் கை விடறீங்க?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எறா அங்கதான கீது டீச்சர்? நீதான எண்ணிக் காட்டுன."

தனம், பிரியா, மேரி என அந்தத் தெருப் பெண்கள் எட்டுப் பேர் இறால் பிடிப்பது கையால். வலை இல்லை, படகு இல்லை. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிக்கொண்டே போவார்கள். ஓலையில் முடைந்த ஒரு சின்னக் கூடை, பறி என்பார்கள், அதன் கயிற்றைப் பல்லில் கடித்திருப்பார்கள். இறால் விரலில் பட்டதும் அமுக்கி எடுத்துப் பறிக்குள் போட வேண்டும். பேச முடியாது, வாயில் கயிறு. பார்க்கவும் முடியாது, தண்ணீர் கலங்கல். விரல்தான் கண். காலை நான்கு மணிநேரம் தடவினால் சாலையோரம் கூறு கட்டி விற்று அன்றைய பாடு கழிந்துவிடும்.

இது எனக்குத் தெரியாத விஷயம் அல்ல. முதல் நாள் கழியைப் பார்க்கப் போனபோதே அவர்கள் தண்ணீரில் குனிந்திருப்பதைப் பார்த்தேன். அழகாக இருந்தது. போட்டோ எடுத்தேன். திட்டத்துக்குப் பணம் கேட்டு எல்லாரிடமும் காட்டிய படக்காட்சியில் அதுதான் முதல் படம். காலை வெயில், கலங்கல் தண்ணீர், பல்லில் பறியோடு தனம்.

"சொல்லியிருந்தா அன்னைக்கே ஏதாவது பண்ணியிருக்கலாமே?" என்றேன்.

"இன்னா பண்ணுவ? சிப்பிய எடுத்துடுவ" என்றாள் தனம். "அப்பால இந்த வூட்ட எவன் புடிச்சி நிறுத்துவான்? விரலு போனா ஒன்னு ரெண்டு போவும். வூடு போனா நானும் இவளும் எங்க போவோம்? சும்மா பேஜார் பண்ணாத டீச்சர், ஆறிடும்."

ஆறவில்லை. அன்று மதியமே ஏஞ்சலும் நானும் ஆட்டோவில் அவளை அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நான்கு நாள் மருந்து ஏற்றிப் பார்த்தார்கள். ஐந்தாம் நாள் இளம் டாக்டர் ஒருவர் வந்து, இரண்டு விரலையும் எடுத்துவிட்டால் கையைக் காப்பாற்றலாம், இல்லையென்றால் மணிக்கட்டு வரை போகும் என்று பொறுமையாக விளக்கினார். தனம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"எந்த ரெண்டு சார்?"

அவர் தன் கையிலேயே தொட்டுக் காட்டினார். தனம் கொஞ்ச நேரம் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "தடவுற விரலு" என்றாள். நான் வெளியே வராந்தாவுக்கு வந்து, முன்பின் தெரியாத ஒரு அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அந்த அம்மாள் எதுவும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

அழுகை நின்றதும் கோபம் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான். கோபத்தை யார் மேல் கொட்டுவது என்று யோசித்தபோது பக்தவச்சலம் அகப்பட்டார். மீனவர் பஞ்சாயத்துத் தலைவர், ஊரில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. சிப்பி வைக்கும் முன் அவரிடம்தான் அனுமதி கேட்டேன். கோயில் பக்கத்து ஏலக்கூடத்தில் பதினைந்து ஆண்களைக் கூட்டி உட்காரவைத்து, தரையில் சாக்பீஸால் கழியை வரைந்தார். படகு இங்கே போகும், வலை இங்கே விடுவோம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். கரையோர ஆழமில்லாத இடத்தைக் காட்டி நான் கேட்டேன். அங்கே யாரும் தொழில் செய்வதில்லை என்றார்கள். நான் அந்த இடத்தில் பெரிதாக ஒரு டிக் போட்டுக்கொண்டேன்.

இப்போது அதே ஏலக்கூடத்தில் அவர் முன்னால் போய் நின்றேன். "யாரும் தொழில் செய்யறதில்லைன்னு சொன்னீங்களே சார். எட்டுப் பொம்பளைங்க அங்கதானே பிழைக்கறாங்க?"

அவர் அவசரப்படவில்லை. நாற்காலியை எனக்கு நகர்த்திப் போட்டார். "தொழிலுன்னு கேட்டீங்க டீச்சரம்மா. படகு வச்சிகினு, வலை வச்சிகினு பண்றது தொழிலு. இவுளுங்க தடவுறது ஏதோ கொழம்புக்கு, கைச்செலவுக்கு. அத்தப் போயி யாரு கணக்குல வச்சா?"

"அவங்களையும் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாமே?"

"ஏலக்கூடத்துல பொம்பளைங்கள உக்கார வெக்கிற வயக்கம் இல்லீங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் கேக்கல, ஒத்துக்கறேன். நீங்க படிச்சவங்க. நீங்கதான் அவுளுங்கள போட்டோ புடிச்சி மெட்ராஸ் பூரா காட்டுனீங்க. நீங்க ஏன் கேக்கல?"

அனுமதி கேட்ட அன்று பதினைந்து ஆண்களுக்கு நடுவில் நான் ஒருத்தி பெண் உட்கார்ந்திருந்தேன், அதைப் பெருமையாகக்கூட நினைத்தேன். கேட்டிருக்க வேண்டிய எட்டுப் பேர் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள்.

தனம் வீடு திரும்பிய பிறகு வந்த சனிக்கிழமை கையுறை வாங்கிக்கொண்டு போனேன். எட்டு ஜோடி, கெட்டி ரப்பர். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று எனக்கே தெரிந்தது. பிரியா ஒன்றை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, அரைமணி தடவி, வெறும் பறியோடு கரையேறினாள். தனம் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உறை மாட்டிகினு கொயந்த நெத்தியில ஜுரம் பாப்பியா நீ?" என்று கேட்டாள். மற்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கையுறைகளைப் பிறகு பாத்திரம் கழுவ வைத்துக்கொண்டார்கள்.

செப்டம்பரில், திட்டத்தைப் பார்வையிடப் பணம் கொடுத்தவர்கள் அனுப்பிய ஐந்து பேர் குழு வருவதாக இருந்தது. திட்டத்தின் தலைவர் ஸ்ரீவத்சன், அந்த இன்னொரு நிறுவனத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் படமாகவும் எண்ணாகவும் காட்டினால்தான் அவருக்குப் புரியும். தனத்தின் விரல் பற்றிச் சொன்னபோது, "ரொம்ப வருத்தமா இருக்கு மேடம்" என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். அடுத்த வாக்கியத்தில், "ரிவ்யூ முடியட்டும், அப்புறம் பார்ப்போம். வடக்குப் பக்கம் இன்னும் இருநூறு மீட்டர் வைக்க அனுமதி வந்துடும் போல இருக்கு" என்றார்.

வடக்குப் பக்கம் இருநூறு மீட்டர் என்பது பெண்களுக்கு மீதமிருந்த வெறும் சேற்று இடம். ஆளி கிழிக்கிறது என்று மற்ற ஏழு பேரும் அங்கேதான் நகர்ந்திருந்தார்கள். அதையும் மூடிவிட்டால் அவர்கள் பறியை அடுப்பில் வைக்க வேண்டியதுதான்.

குழு வந்த அன்று கழிக்கரையில் பந்தல் போட்டிருந்தோம். நான் எண்ணிக்கையைச் சொன்னேன். கரை அரிப்பு நின்றது, சேறு ஒரு சாண் உயர்ந்தது, இறால் ஏழு மடங்கு. குழுத் தலைவி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ஊர்க்காரர் ஒருவர் பேச வேண்டும் என்றார்கள். ஸ்ரீவத்சன் தனத்தைக் கூப்பிட்டார். இடிந்துவிழ இருந்த வீட்டுக்காரி என்பதால் முன்பே முடிவு செய்த ஏற்பாடு அது.

தனம் எழுந்து நின்றாள். வலது கை முந்தானைக்குள். "நல்லா கீது சார். வூடு நிக்குது. மயக்காலத்துல பயமில்லாம தூங்குறோம். இவங்க நல்லா இருக்கணும்" என்றாள். கைதட்டினார்கள். உட்காரும்போது என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை தெளிவாகச் சொன்னது, வாயை மூடிக்கொண்டு இரு என்று.

நான் மூடிக்கொண்டிருக்கவில்லை. வடக்குப் பக்க வரைபடத்தை ஸ்ரீவத்சன் திரையில் போட்டதும் எழுந்தேன். முதல் படத்தைத் திரும்பப் போடச் சொன்னேன். இந்தப் பெண்கள் எப்படிப் பிழைக்கிறார்கள், நாங்கள் யாரிடம் கேட்டோம், யாரிடம் கேட்கவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். "தனம், கையைக் காட்டுங்க" என்றேன். அவள் அசையவில்லை. நான் போய் அவள் முந்தானையை விலக்கினேன். ஐந்து பேருக்கும் நன்றாகத் தெரிந்தது.

அன்று மாலை மேடவாக்கம் சிக்னலில் நிற்கும்போது மனசு லேசாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன். வீட்டுக்குப் போய் அச்சுதனிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர், "தனம் என்ன சொன்னா?" என்று கேட்டார். தனம் கூட்டம் முடியும் முன்பே எழுந்து போய்விட்டாள் என்றேன். அவர் எழுந்து உள்ளே போனார். எனக்கு அவர்மேல் எரிச்சல் வந்தது.

பன்னிரண்டு நாள் கழித்துக் குழுவிடமிருந்து கடிதம் வந்தது. வடக்குப் பக்க விரிவு ரத்து. அதோடு, பொதுமக்களின் பாதுகாப்பைக் கருத்தில் கொண்டு, ஏற்கெனவே வைத்த சிப்பிகள் அனைத்தையும் மழைக்காலம் தொடங்கும் முன் அகற்ற வேண்டும். அகற்றும் பொறுப்பு, களப் பொறுப்பாளர் முனைவர் சாவித்ரி அச்சுதன்.

என் பெயரை நானே மூன்று முறை படித்தேன். ஸ்ரீவத்சனுக்குப் போன் செய்து கத்தினேன். குழுத் தலைவிக்கு எழுதினேன். ஒரு காயம் பதிவாகிவிட்டது, இன்னொரு காயம் ஆனால் யார் பதில் சொல்வது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அடுத்த வாரம் வானிலை அறிக்கையில் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்றார்கள். எங்கள் காலனி வாட்ஸப் குழுவில் அதற்குள் மணல் மூட்டைக்கு ஆள் தேட ஆரம்பித்துவிட்டார்கள்.

அக்டோபர் முதல் வாரம், ஒரு வியாழக்கிழமை காலை, கடப்பாரையும் மண்வெட்டியுமாக நான்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு கழிக்கரைக்குப் போனேன். வேறு யாராவது வந்து கண்டபடி பெயர்ப்பதைவிட நானே பக்குவமாக எடுக்கலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தனத்திடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தை தேடினேன்.

தேட வேண்டியிருக்கவில்லை. கடிதத்துச் செய்தி எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. எட்டுப் பெண்களும் தண்ணீரில் இருந்தார்கள். தடவவில்லை. தனத்தின் வீட்டுக்குப் பின்னால், ஆளி வரிசையை ஒட்டி, இடுப்பளவு தண்ணீரில் தோளோடு தோள் நின்றார்கள். பறி ஒருவர் வாயிலும் இல்லை. நடுவில் தனம், மீதமிருந்த மூன்று விரல் கையைத் தண்ணீர் படாமல் மார்போடு அணைத்துக்கொண்டு. கரையில் ஏஞ்சல் நின்றிருந்தாள். அன்றும் வேலைக்குப் போகவில்லை.

"தனம், மேலே ஏறுங்க. கையில தண்ணி படக்கூடாது" என்றேன்.

"கேக்காம வச்ச" என்றாள் தனம். கத்தவில்லை. "கேக்காம என் முந்தானைய வெலக்குன. இப்போ கேக்காம எடுக்க வந்துகீற."

கடப்பாரை ஆட்கள் என்னைப் பார்த்தார்கள். இத்தனை நாள் பக்தவச்சலம் மேலும் ஸ்ரீவத்சன் மேலும் குழு மேலும் கொட்டித் தீர்த்த கோபம், மிச்சமில்லாமல் திரும்பி வந்து சேர்ந்தது. அவளுக்காகப் பேசுகிறேன் என்று எழுந்தவள், எழும் முன் அவளை ஒரு வார்த்தை கேட்டேனா? வேண்டாம் என்று அவள் கண்ணால் சொன்னதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன்.

நால்வரையும் டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். அவர்கள் போனதும் கரையில் உட்கார்ந்தேன். "சரி, இப்போ கேக்கறேன். என்ன பண்ணட்டும்?"

"மொதல்ல எறங்கு" என்றாள் தனம்.

செருப்பைக் கழற்றினேன். புடவையைத் தூக்கிச் செருகப் போனேன், பிறகு விட்டுவிட்டேன். இரண்டு வருடமாக இந்தக் கழியில் நின்றிருக்கிறேன், எப்போதும் முழங்கால் வரை, ரப்பர் பூட்ஸோடு. இடுப்பளவுக்கு இறங்கியது அன்றுதான். தனம் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"குனி. கண்ண மூடு."

"எதுக்கு?"

"கண்ணால பாத்துத்தான எல்லாத்தயும் கெடுத்த. மூடு டீச்சர்."

மூடினேன். அவள் என் கையைத் தண்ணீருக்குள் கொண்டுபோனாள். சேறு மெத்தென்று இருந்தது. பிறகு கத்தி போல விளிம்புகள், ஒன்றின் மேல் ஒன்றாக, நான் காயவைத்துக் கட்டிய ஓடுகளின் மேல் வளர்ந்தவை. அவற்றின் நடுவே ஓர் இடுக்கில் என் விரல்களை நுழைத்தாள். உள்ளே ஏதோ மீசை போல மெல்ல உரசியது. இறால். முப்பத்தெட்டு என்று கத்தினேனே, அதில் ஒன்றைக்கூட நான் அதுவரை தொட்டதில்லை. பிடிக்கலாம் என்று விரலை மடக்கினேன். சுரீர் என்றது. கையை இழுத்தேன். தனம் விடவில்லை.

"இன்னும் கொஞ்சம் உள்ள போ" என்றாள். "நாங்க கைய இய்க்க முடியாது, இய்த்தா எறா பூடும். அப்பால சோறு பூடும். ஆங், அங்க. இந்த வரிச தெரியுதா? இது வூட்ட புடிச்சிகினு கீது. இத்தத் தொட்டா உன் கடிதாசியக் கொளுத்திப்புடுவேன். இப்போ இந்தாண்ட வா, இங்க வெறும் சேறு. இது எங்க எடம்."

விரல் எரிந்தது. கண்ணைத் திறக்காமலே அவள் இழுத்த இழுப்புக்கு வரிசையோரமாக நடந்தேன். தூரத்தில், சேலையூர்ப் பக்கம், இடி இடித்தது. கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது, யார் கையெழுத்துப் போடுவார்கள், மழைக்கு முன் முடியுமா என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பின்னால் ஒன்பது அடி மண்ணும் அதற்கப்பால் ஓர் ஓட்டு வீடும் இருப்பது மட்டும் தெரிந்தது.

"இப்போ கேளு" என்றாள் தனம்.

கேட்டேன். கண்ணைத் திறந்து, இதை விடட்டுமா எடுக்கட்டுமா என்று ஒவ்வொரு இடமாகக் கேட்டேன். அவள் இல்லாத விரல்களால் காட்டிக் காட்டிச் சொல்லிக்கொண்டே வந்தாள்.